அம்மாவின் ஈறு நோயும் தீராத அசதியும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர் என் அம்மா. எட்டு மாதமாக ஒரு வாளித் துணியைக் காயப்போட்டாலே அடுத்த இரண்டு நாளும் படுக்கைதான். தூங்கி எழுந்தாலும் முகத்தில் தெளிவில்லை. இரத்தச்சோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. குறை எதுவும் இல்லை. நாள்பட்ட சோர்வு நோயாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். அதை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை எதுவும் கிடையாது.

எனக்கு உறுத்துவது அம்மாவின் வாய். காலையில் பல் துலக்கித் துப்பும் நுரை இளஞ்சிவப்பாக இருக்கிறது. கீழ்ப்பல் இரண்டு ஆடுகின்றன. ஈறு புண்ணாக இருந்தால், மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் வாய்க் கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன, உடம்பில் அழற்சியும் கூடுகிறது. அசதிக்கு இதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. அம்மாவுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனாலும் ஈற்றைக் கவனித்தே ஆக வேண்டும்.

ஈப்போவில் ஈறு நோய் நிபுணரைப் பார்க்க அரசாங்கப் பல் கிளினிக்கில் கடிதம் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு நாள் காத்திருந்தீர்கள்? ஒரே நாளில் முழு வாயையும் சுத்தம் செய்தால் அம்மா தாங்க மாட்டார். நான்கைந்து தடவையாகப் பிரித்துச் செய்யச் சம்மதிப்பார்களா? இதே சோர்வு நோயுள்ளவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போன அண்ணன், அக்கா யாராவது இருந்தால், மறுநாள் அவர் எப்படி இருந்தார் என்று தயவுசெய்து எழுதுங்கள்.