ஓடிபி என் போனுக்கு வர என்ன செய்ய வேண்டும்?

பாசிக்காரி, சின்னப்பாலம்:
எனக்கு வயது 47. பாம்பன் பக்கம் சின்னப்பாலம். பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவள். எட்டாவது வரை படித்தேன், தமிழ் நன்றாக வாசிப்பேன். மகள் தன் பழைய போனைக் கொடுத்துவிட்டுத் திருப்பூர் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு கடையில் விண்ணப்பம் போட்டபோது, என்னிடம் போன் இல்லை என்று அந்தத் தம்பி தன் நம்பரையே போட்டுவிட்டார். ஆதார், வங்கி இரண்டிலும் இப்போது அதுதான் இருக்கிறது. கணக்கில் பணம் ஏறியதா என்று கேட்கக்கூட அவர் கடை வாசலில்தான் நிற்கிறேன். தப்பானவர் இல்லை, ஆனாலும் என் கணக்கு என் கையில் இருக்க வேண்டாமா?

இன்னொன்று. விரலில் துணி சுற்றித்தான் இறங்குவோம். அப்படியும் பாறையில் பிய்த்துப் பிய்த்து ரேகை தேய்ந்துவிட்டது. ரேகை மெஷினில் விழவில்லை. போன் திரையும் சில நேரம் எடுப்பதில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் எங்கிருந்து தொடங்குவது?

மண்டபம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
அம்மா, போன் பழகுவது இருக்கட்டும், முதலில் நம்பரை மாற்றுங்கள். ஆதாரில் நம்பர் மாற்ற பழைய நம்பருக்கு ஓடிபி போக வேண்டியதில்லை. ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போனால் போதும். ரேகை விழாவிட்டால் கருவிழியை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு வழி உண்டு. வங்கிக்குத் தனியாகப் போக வேண்டும். ஆதாரில் மாற்றினால் வங்கியில் தானாக மாறாது, இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துப் போய் கிளையில் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் ஒன்றை மனதில் வையுங்கள். போனில் உங்களுக்குப் பணம் வருவதற்கு, பின் (PIN) என்ற ரகசிய நம்பரைப் போடவே வேண்டாம். "பணம் அனுப்பியிருக்கிறேன், பின் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது திருட்டு. தெரியாமல் போட்டுப் பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930-க்கு அடியுங்கள், அது இணையப் பண மோசடியைப் புகார் செய்யும் உதவி எண். தாமதித்தால் பணத்தை நிறுத்துவது கஷ்டம்.

பாம்பன், கல்லூரி மாணவி:
அக்கா, என் அம்மாவுக்கும் இதே விரல்தான். நுனியால் குத்தாமல், விரலின் சதைப்பகுதியால் மெதுவாகத் தொடுங்கள். ஈரமும் உப்பும் இருந்தால் திரை குழம்பும், துடைத்துவிட்டுத் தொடுங்கள். எழுதுவதற்கு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக் படத்தைத் தொட்டுப் பேசுங்கள், அதுவே எழுதும்.

பழக ஒரு வழி: தினமும் மைக்கில் "நாளை பாம்பன் காற்று" என்று போனிடம் கேளுங்கள். மறுநாள் கரையில் நின்று அது சொன்னது சரியா என்று பாருங்கள். உங்களுக்குக் காற்று தெரியும், அதனால் போன் சொல்வதைச் சோதிக்க உங்களால் முடியும். அம்மா அப்படித்தான் ஒரு மாதத்தில் பழகினார்.

பாசிக்காரி, சின்னப்பாலம்:
திங்கட்கிழமை போனேன். ரேகை மூன்று தடவை விழவில்லை. கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டேன், எடுத்துவிட்டது. வங்கியிலும் எழுதிக் கொடுத்தாயிற்று. நேற்று சாயங்காலம் பாசி காயப்போட்ட இடத்தில் நிற்கும்போது கணக்கில் பணம் ஏறியதாகச் செய்தி வந்தது. கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தேன்.

இதுவும் மைக்கில் பேசி எழுதியதுதான். தங்கச்சி, நாளைக்கு மேற்குக் காற்று, அதாவது நம் கச்சான், என்று போன் சொல்கிறது. எனக்கும் அப்படித்தான் படுகிறது.