தோப்பு வீட்டுச் சொந்தங்கள்: மினி டிராக்டருக்கு எடை

கார்த்தி: [வீடியோ] பாருங்க சித்தப்பா. தென்னைக்கு நடுவே அஞ்சு கொத்துக் கலப்பையை இறக்கினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.

பிரபு: கலப்பை மேல் ஒரு ஆளை ஏற்றி நிறுத்து 😀

சாந்தி அத்தை: விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதே பிரபு. தவறி விழுந்தால் கலப்பைக்கு அடியில்தான் போவான்.

சித்தப்பா: டயரில் பட்டன், அதாவது மண்ணைப் பிடிக்கும் மேடு, தேயாமல் இருக்கிறதா கார்த்தி? மொட்டை டயருக்கு எடை ஏற்றிப் பிரயோஜனம் இல்லை.

கார்த்தி: பாதிக்கு மேல் இருக்குதுங்க. காற்றும் புத்தகத்தில் உள்ள அளவுதான்.

சித்தப்பா: சரி, எவ்வளவு வழுக்குகிறது என்று பார். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடு. உழுதபடியே சக்கரம் 10 சுற்று வரும்வரை போ. தொடங்கிய இடத்திலும் முடித்த இடத்திலும் குச்சி நடு. அப்புறம் கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரம் ஓட்டி எண்ணு. எட்டரைச் சுற்று வந்தால் வழுக்கல் 15 சதவீதம். அதுவரை பரவாயில்லை.

கார்த்தி: ஏழுதான் வருகிறது சித்தப்பா.

சித்தப்பா: 30 சதவீதமா! டீசலும் டயரும் வீணாகப் போகிறதே. பின் டயர் இரண்டிலும் தண்ணீர் நிரப்பு.

பிரபு: இரும்பு வெயிட் போட்டால் என்னங்க மாமா?

சித்தப்பா: போடலாம், வேண்டாதபோது கழற்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் காசு. தண்ணீர் சும்மா கிடைக்கிறது. அந்த டயருக்கு 50 லிட்டர் போலப் பிடிக்கும், இரண்டுக்கும் 100 கிலோ ஆச்சு. வண்டி மேல் எடைக்கு மூட்டை கட்டினால் அச்சு சுமக்க வேண்டும். தண்ணீரை டயரே சுமந்துகொள்ளும்.

கார்த்தி: எப்படி நிரப்புவது?

சித்தப்பா: ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, வால்வு உச்சிக்கு வரும்படி திருப்பு. வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு ஓஸை மாட்டு. உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டுமே, அதனால் அடிக்கடி ஓஸை எடுத்து எடுத்து வை. வால்வு வழியே தண்ணீர் வழிந்தால் முக்கால் பங்கு நிறைந்துவிட்டது. அதோடு நிறுத்தி, ஊசியை மாட்டிக் காற்றடி. காற்று பார்க்கும்போதும் வால்வு மேலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கேஜுக்குள் தண்ணீர் போகும்.

கார்த்தி: முழுக்க நிரப்பினால் இன்னும் எடை கூடுமே?

சித்தப்பா: தண்ணீர் அமுங்காது தம்பி. வரப்பு ஏறும்போது விழும் அடியெல்லாம் ரிம்முக்கும் உன் இடுப்புக்கும்தான்.

பிரபு: கால்சியம் குளோரைடு கலப்பார்களாமே?

சித்தப்பா: தண்ணீர் உறையும் நாட்டில் கலப்பார்கள். எடையும் கூடும், ரிம்மும் துருப்பிடிக்கும். ஆனைமலையில் நமக்கு எதற்கு?

சாந்தி அத்தை: நெல் வயலுக்கும் இதே வண்டிதானே வரும்?

சித்தப்பா: அதைச் சொல்ல வந்தேன். சேற்றுழவுக்கு முன் வால்வைக் கீழே கொண்டுவந்து தண்ணீரை இறக்கிவிடு கார்த்தி. சேற்றில் எடை இருந்தால் வண்டி புதையும்.

கார்த்தி: நிரப்பியாச்சுங்க. இப்போது எட்டேகால் வருகிறது.

சித்தப்பா: கலப்பையை ஒரு விரற்கடை மேலே தூக்கி ஓட்டு, சரியாகிவிடும். இதற்கு மேல் எடை ஏற்றாதே, கியர்பாக்ஸுக்குத்தான் கேடு.

பிரபு: பஞ்சர் கடைக்காரரிடம் முன்பே சொல்லிவை. ஊசியைக் கழற்றினால் குளித்துவிடுவார் 😂