கலைச்சொல் தேவை: டிஃபால்ட் (திங்களுக்குள்)

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். கடன் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறேன், திங்கட்கிழமை கோப்பு போயாக வேண்டும். ஒரே திரையில் 'டிஃபால்ட் அக்கவுண்ட்', 'லோன் டிஃபால்ட்' இரண்டும் வருகின்றன. முதலாவது, பயனர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் செயலி தானாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. இரண்டாவது, கடனைக் கட்டத் தவறுவது. முதலாவதற்குச் சொற்பட்டியலில் முன்னிருப்பு என்று இருக்கிறது. கணக்குத் திரையில் அதைப் பார்ப்பவர் போன மாத மீதி என்றுதான் நினைப்பார்.

தமிழாசிரியர்:
கொடாநிலை என்று முன்பே புழங்கியதே? பயனர் எதையும் கொடாதபோது நிற்கும் நிலை. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அழகாக அமர்கிறது.

வங்கியில் இருந்தவர்:
ஐயா, 'கொடாநிலைக் கணக்கு' என்று பார்த்தால் எங்கள் ஆட்கள் வசூலுக்குக் கிளம்பிவிடுவார்கள்!

சொல்லாய்வாளர்:
டிஃபால்ட்டின் வேரைப் பாருங்கள். பழைய பிரெஞ்சில் அது குறை, இல்லாமை. அதற்கும் முன்னால் லத்தீன் ஃபல்லெரே, ஏமாற்றுதல். ஃபெயில், ஃபால்ஸ், ஃபால்ட் எல்லாம் ஒரே குடும்பம். ஃபால்ட்டில் உள்ள லகரம்கூட லத்தீனைப் பார்த்துப் பிற்பாடு செருகியது. லத்தீன் ஃபல்லெரே, நம் தமிழ்ப் பிழை. இந்த ஒலி ஒற்றுமை தற்செயலா?

மொழியியல் மாணவி:
தற்செயல்தான் ஐயா. புகையைக் குறிக்கும் வடமொழித் தூமம் லத்தீனில் ஃபூமுஸ். அங்கே சொல்முதல் ஃப பகரத்திலிருந்து வரவில்லை, அது வந்த வழி வேறு. பழைய பகரம் பகரமாகவே நின்றது. தந்தை லத்தீனில் பாத்தெர், ஃபாத்தெர் இல்லை.

வழக்கறிஞர்:
இரண்டு பொருளும் நீதிமன்றத்தில் சந்திக்கின்றன. பிரதிவாதி வராவிட்டால் தீர்ப்பு எதிர்த்தரப்புக்குப் போய்விடலாம். வராமல்போன பாதியை வங்கிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் செய்யாதபோது தானாக நடக்கும் பாதியைக் கணினிக்காரர்கள். டிஃபால்ட் பெயிலும் இப்படித்தான். வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதானவரின் உரிமை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 167(2), இப்போது புதிய சட்டத்தில் 187(3). ஜாமீனா பிணையா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

தமிழாசிரியர்:
பிணைதான். அப்புறம், தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் இல்லாமல் சொற்கள் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி என்கிறோமே, அது என்ன? யாரும் கை வைக்காத நிலை! எழுவாய் வேற்றுமையும் அப்படித்தான், உருபே கிடையாது. 'இயல்புக் கணக்கு' என்று போடுங்கள் தம்பி.

மொழிபெயர்ப்பாளர்:
இலக்கணம் பொருந்துகிறது ஐயா. ஆனால் ஒரு கணக்கு இயல்பு என்றால் மற்றதில் கோளாறா என்று கேட்பார்கள். 'வழக்கமான கணக்கு', 'தவணை தவறியது' என்று இரண்டு சொல்லாகவே பிரித்துவிடுகிறேன். தனிமடலில் பலரும் சரி என்கிறார்கள்.

வங்கியில் இருந்தவர்:
சரி. எனக்குத் தூக்கம் வருகிறது.

தமிழாசிரியர்:
வழக்கம் என்பது பழகி வருவது. இன்று காலை செயலியை நிறுவியவனுக்கு ஏது வழக்கம்? என் மறுப்பைப் பதிகிறேன். 'ரீசெட் டு டிஃபால்ட்' பொத்தானுக்கு என்ன போடுவீர்கள், 'வழக்கத்துக்குத் திரும்பு' என்றா?

மொழிபெயர்ப்பாளர்:
அந்தத் திரை அடுத்த தவணையில்தான் வருகிறது ஐயா.