மறு: 'தீய கடவுள்' என்பதற்கு வேறு சொல் வேண்டும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி ஆடும் ஆட்டம்) விதிநூலுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், 'evil god' என்பதற்கு என்ன சொல் வைப்பது என்று ஓடும் இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'தீய கடவுள்' என்றே வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இருப்பதும் அதுதானே.

டெல்லி அண்ணா சொல்வது புரிகிறது. ஆனால் ஆட்டத்தில் சொல்லிப் பார்த்தபோது அந்தச் சொல் நிற்கவில்லை. போன ஞாயிறு பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் முழுக்கத் தமிழிலேயே ஆடினோம். களம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், இந்த ஆட்டத்துக்காகப் புனைந்த உலகங்களில் ஒன்று. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த உலகத்தில் கடலுக்கும் அலைக்கும் உரியவள் உம்பர்லீ. அவளுக்குக் காணிக்கை போட்டுவிட்டுத்தான் மாலுமிகள் பயணம் போவார்கள். "உம்பர்லீ ஒரு தீய கடவுள்" என்று குறிப்புத்தாளை வாசித்தேன். அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. உடனே கேட்டாள்: "கெட்ட சாமின்னா ஏன் மாமா கும்பிடறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா சொன்னார்: "உனக்கு அம்மை போட்டப்ப வாசல்ல வேப்பிலை செருகினோமே, எதுக்கு? வீட்டுல தாளிக்கக்கூட இல்லையே, யாருக்காக?" குழந்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வரைபடத்தில் நீலம் தீட்டியிருந்த இடத்தில் வைத்தாள். "போட்டாச்சு. இப்பக் கிளம்பலாம்."

'தீய' என்பது விதிநூல் எழுதியவரின் தீர்ப்பு. கும்பிடுகிறவன் வாயில் அந்தச் சொல் வராது. அம்மை கண்ட வீட்டில் "நோய் வந்திருக்கிறது" என்றா சொல்கிறோம்? "ஆத்தா வந்திருக்கா" என்கிறோம். இந்த ஊரிலேயே 1898-இல் பிளேக் பரவிப் பலர் ஊரை விட்டு ஓடினார்கள். இன்றும் இங்கே பிளேக் மாரியம்மன் என்று நோயின் பெயரையே தாங்கிய கோயில்கள் இருக்கின்றன. யாரும் கொள்ளைநோயை விரும்பிக் கும்பிடவில்லை. வந்தவள் மனம் குளிர்ந்து போகட்டும் என்று கும்பிட்டார்கள்.

விதிநூலிலும் இந்தத் தீர்ப்பு தொடக்கத்திலிருந்து இல்லை. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது நெறிச்சார்பு, அதாவது ஒரு பாத்திரமோ தெய்வமோ எந்தப் பக்கம் என்று காட்டும் குறி, மூன்றுதான்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். நன்மை தீமை என்ற இன்னொரு அச்சு சில ஆண்டு கழித்துச் சேர்ந்தது. 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் இரண்டு அச்சும் சேர்ந்து மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம் ஆகிவிட்டது.

சரி, அந்த உலகத்து மக்கள் ஏன்தான் கும்பிடுகிறார்கள்? எல்லோருக்கும் காரணம் ஒன்றல்ல, சொல் அமைக்கும்போது இதுதான் முக்கியம். உம்பர்லீயிடமும், நோய்க்கும் நஞ்சுக்கும் உரிய தலோனாவிடமும் போகிறவனுக்கு அச்சம். கொடுங்கோன்மைக்கு உரிய பெய்ன் பக்கம் போகிறவனுக்குக் கணக்கு: ஆள்கிறவன் கை ஓங்கியிருந்தால் தனக்கும் ஒரு பதவி கிடைக்கும். பூமிக்கடியில் மென்சோபெரன்சான் என்ற நகரத்தில் பிறந்த பெண்ணுக்கு லால்த் என்ற சிலந்தித் தெய்வத்தை விட்டால் வேறு சாமி காட்டப்படுவதே இல்லை. அங்கே லால்த்தின் பூசாரிணிகள்தான் ஆட்சி. என்னை மிகவும் பாதித்தது ஷார். இழப்புக்கும் மறதிக்கும் உரியவள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஷாரின் இருட்டுக்குள் போய் உட்கார்வதை எந்தக் கட்டத்தில் போடுவது? அவள் தீமையைத் தேடி வரவில்லை, வலி நின்றால் போதும் என்று வந்தவள். யாரையும் கும்பிடாமல் இருந்துவிடவும் வழியில்லை. அப்படி இறந்தவர்களின் ஆன்மாவைச் சுவரில் வைத்துப் பூசிவிடுவதாகப் பழைய பதிப்புகள் சொல்கின்றன. அதனால் ஏதோ ஒரு வாசலில் நின்றே ஆக வேண்டும்.

இனி முன்மொழிவுகள்.

> அசுர தெய்வம்?

வேண்டாம். அசுரர் என்றால் நமக்கு ஒரு குலம், தனியாக ஒரு கதை. அந்தப் பெயரை யார் யாருக்குச் சூட்டினார்கள் என்ற வழக்கே நம்மிடம் தீரவில்லை. பெய்னைப் பற்றிப் பேசும்போது அதையும் ஏன் இழுக்க வேண்டும்?

> துடியான தெய்வம் என்று மக்கள் வழக்கிலேயே இருக்கிறதே.

மதுரை அக்கா, இதைப் படித்ததும் முதலில் துள்ளினேன். ஆனால் இரண்டு நாள் யோசித்த பிறகு மனம் ஒப்பவில்லை. துடியான சாமி என்றால் கூப்பிட்ட குரலுக்கு வருகிற சாமி, பொய்ச் சத்தியம் செய்தால் விடாத சாமி. சுடலைமாடனுக்கும் காளிக்கும் மரியாதையோடு வழங்குகிற சொல்லைக் கொண்டுபோய் லால்த்துக்குக் கொடுத்தால், நாளை பிள்ளைகள் திருப்பிப் படிப்பார்கள்: துடியான சாமி எல்லாம் கெட்ட சாமி என்று. அந்தப் பழி நம் சொற்பட்டியலால் வரக்கூடாது. 'சூர்', 'அணங்கு' இரண்டுக்கும் இதே தயக்கம்தான். அழகான பழஞ்சொற்கள், ஆனால் அவற்றில் தீர்ப்பு இல்லை, அச்சம் மட்டுமே இருக்கிறது.

என் பரிந்துரை: கொடுந்தெய்வம்.

காரணம் சொல்கிறேன். கொடு என்பதற்கு வளைந்த என்பதும் பொருள். வளைந்த வரி கொண்ட புலி கொடுவரி, வளைந்த வில் கொடுமரம். செங்கோலுக்கு எதிர் கொடுங்கோல். நேராக நிற்க வேண்டியது கோணினால் கொடுமை. தெய்வம் என்ற இடத்தில் இருந்துகொண்டு கோணிப்போனது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 'தீய' என்பதில் அது இல்லை. "கணைகொடிது யாழ்கோடு செவ்விது" என்ற குறளையும் பாருங்கள். அம்பு நேரானது, ஆனால் செயலால் கொடிது. யாழின் கொம்பு வளைந்தது, ஆனால் செயலால் செவ்விது. வினையைப் பார்த்துச் சொல் என்கிறார். மாரியம்மனை யாழ்க்கோடு பக்கமும் பெய்னை அம்பின் பக்கமும் வைக்க இந்த ஒரு சொல் இடம் தருகிறது.

எதிர்ச்சொல்லாகச் 'செந்தெய்வம்' வைக்கலாமா என்று சேலத்து ஐயா கேட்பார். சிவந்த தெய்வம், முருகன் என்று காதில் விழும். நல்தெய்வம் போதும்.

அப்புறம், பெயர்ச்சொல்லோடு நிறுத்தினால் குழந்தை கேட்ட கேள்வி அப்படியே நிற்கும். வழிபாட்டுக்கும் பெயர் வேண்டும். அச்சத்தால் கொடுப்பது தணிப்பு வழிபாடு, ஆதாயத்துக்குச் செய்வது பேர வழிபாடு, போக்கிடம் இல்லாமல் வருவது புகல் வழிபாடு. லால்த் ஊரில் பிறந்தவளுக்குக் 'குடிவழிபாடு' என்று எழுதிப் பார்த்தேன், குலதெய்வத்தோடு குழம்புகிறது. அதற்கு மட்டும் யாராவது சொல் தாருங்கள்.

மறுப்பு வராவிட்டால் வரும் ஞாயிறு ஆட்டத்துக்கு முன் குறிப்புத்தாளை மாற்றிவிடுகிறேன். உம்பர்லீயின் வரி இப்படி இருக்கும்: "கொடுந்தெய்வம். மாலுமிகள் தணிப்பு வழிபாடு செய்வர். காணிக்கை, கடலில் இடும் நாணயம்."

அன்புடன்,
அல்சூரிலிருந்து