கரையிலிருந்து வீசும் இரை ஐம்பது மீட்டரைத் தாண்டவில்லை: வழி சொல்ல வேண்டும்

கேள்வி

வணக்கம். மணற்பாங்கான கரையில் நின்று தூண்டில் வீசுகிறேன். கோல் 12 அடி, நரம்பு 0.40 மி.மீ. நைலான், ஈயம் 110 கிராம். வெறும் ஈயத்தை வீசினால் எண்பது மீட்டருக்கு மேல் போகிறது. முழு மத்தி ஒன்றைக் கோத்து வீசினால் ஐம்பதிலேயே விழுந்துவிடுகிறது. பல வேளைகளில் மத்தி முள்ளைவிட்டுக் கழன்று, ஈயத்துக்கு முன்பாகவே தண்ணீரில் விழுகிறது. மெல்லிய நரம்பு தொலைவு தரும் என்று கேட்டு 0.30 மி.மீ. நரம்பைச் சுற்றியபோது, முதல் வீச்சிலேயே அது அறுந்து ஈயம் பக்கவாட்டில் பறந்தது. அருகில் ஆள் இல்லாததால் தப்பித்தேன். மீன் கூட்டம் இரண்டாவது மணல் திட்டை ஒட்டி, ஏறத்தாழ தொண்ணூறு மீட்டரில் மேய்வதைப் பார்க்கிறேன். புதிய கோல் வாங்க வேண்டுமா, அல்லது பலூன், டிரோன் போன்றவற்றுக்குப் போக வேண்டுமா?

மறுமொழி 1

கோலை மாற்ற வேண்டாம், நண்பரே. வெறும் ஈயத்துக்கும் இரை கோத்த ஈயத்துக்கும் முப்பது மீட்டர் வேறுபாடு இருக்கிறது என்று நீங்களே அளந்து சொல்லிவிட்டீர்கள். அந்த முப்பது மீட்டரைத் தின்பது இரைதான். தொங்கிக்கொண்டு போகும் மத்தி காற்றில் சுழன்று, ஈயத்தைப் பின்னால் இழுக்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகத்தை இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். எனவே இன்னும் பலமாக வீசுவது இரையைக் கழற்றுமே ஒழிய, தொலைவை அவ்வளவாகக் கூட்டாது.

முழு மீனை விட்டுவிட்டு, முதுகெலும்பை ஒட்டிச் சீவிய நீளமான துண்டை எடுத்து, அதன் மேல் மெல்லிய கணவாய்ப் பட்டை ஒன்றைச் சுற்றி, இரை கட்டுவதற்கென்றே விற்கும் மெல்லிய ரப்பர் நூலால் விரல் பருமனுக்கு இறுகக் கட்டுங்கள். பிறகு ஈயத்துக்குச் சற்று மேலே பெய்ட் கிளிப் (பறக்கும்போது முள்ளைப் பிடித்துவைக்கும் சிறு கொக்கி) ஒன்றைப் பொருத்தி, முள்ளை அதில் மாட்டுங்கள். முள் நரம்பு, அதாவது முள்ளைக் கட்டிய சிறு நரம்பு, தளர்வின்றி நிற்குமளவுக்கு நீளம் சரியாக இருக்க வேண்டும். அப்போது இரை ஈயத்தின் நிழலிலேயே, அதன் முதுகோடு ஒட்டிப் பறக்கும்; ஈயம் தண்ணீரில் மோதி நரம்பு தளர்ந்த நொடியில் முள் தானாகக் கழன்றுவிடும். வீசும் விசையில் இரை முள் நரம்பின் மேல் வழுக்கி ஏறாமலிருக்க, இரைக்கு மேலே ஒரு மணியையும் அதைத் தடுக்கும் சிறு முடிச்சையும் வைப்பது நல்லது. பலரும் மறப்பது இதைத்தான்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு நரம்பையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் இது தொலைவைவிட உயிர் பற்றிய செய்தி. மெல்லிய நரம்பு தொலைவு தரும் என்பது உண்மை. ஆனால் வீச்சின் விசையை அது தாங்காது. அதன் முனையில் தடித்த முன்நரம்பு ஒன்றை, ஷாக் லீடர் என்பார்கள், கட்டாயம் இணைக்க வேண்டும். ஒவ்வோர் அவுன்ஸ் ஈயத்துக்கும் பத்துப் பவுண்டு வலு என்பது வழக்கமான கணக்கு. உங்கள் 110 கிராம் ஏறத்தாழ நான்கு அவுன்ஸ். ஆகவே நாற்பது பவுண்டு, அதாவது 18 கிலோவுக்குக் குறையாத நரம்பு வேண்டும், ஐம்பது பவுண்டாக இருந்தால் இன்னும் நிம்மதி. ஈயத்தைத் தொங்கவிட்டு வீசத் தயாராக நிற்கும்போது, முன்நரம்பு ரீலில் ஐந்தாறு சுற்றாவது இருக்க வேண்டும். ரீலின் உருளையில் நரம்பு விளிம்புக்கு இரண்டு மி.மீ. கீழே வரை நிறைந்திருக்கட்டும். குறைவாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் விளிம்பில் உரசி வேகம் குறையும்.

மறுமொழி 3

பெரிய இரையைத்தான் அனுப்புவேன் என்றால் இன்னொரு வழி உண்டு. பிடிகம்பி வைத்த ஈயத்தை மட்டும் முதலில் வீசி, அது மணலில் ஊன்றிய பின் நரம்பை இறுக்கி, ஒரு திசையில் மட்டும் வழுக்கும் கிளிப்பில் இரையை மாட்டி, நரம்பின் மேலேயே கடலுக்குள் வழுக்கிச் செல்ல விடலாம். பாறை மேலிருந்தும் சரிவான கரையிலிருந்தும் இது அருமையாக நடக்கும். உங்கள் கரையில் இரண்டு திட்டுகள் இருப்பதால், இரை முதல் பள்ளத்திலேயே தங்கிவிடலாம்.

மறுமொழி 4

பலூனும் பட்டமும் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால்தான் வேலை செய்யும். நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் அத்தகைய காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன் கிடைக்கும்; பகலில் எதிர்க்காற்றுதான். அறுந்துபோகும் பலூன் கடலாமையின் வயிற்றுக்குப் போகும் என்பதால் நான் அதைக் கைவிட்டேன். டிரோனைப் பொறுத்தவரை, முதலில் உங்கள் பகுதிச் சட்டத்தைப் பாருங்கள். தென் ஆப்பிரிக்க அரசு 2022இல் டிரோன் தூண்டிலைச் சட்டவிரோதம் என்றே அறிவித்தது.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. 0.30 நரம்பு, ஐம்பது பவுண்டு முன்நரம்பு, கிளிப், சீவிய துண்டு ஆகியவற்றோடு இன்று வீசினேன். ரீலின் ஒரு சுற்றுக்கு எழுபது செ.மீ. நரம்பு ஏறும் என்று அளந்து வைத்திருந்ததால், சுற்றுகளை எண்ணினேன்: 122 வந்தது, அதாவது ஏறத்தாழ 85 மீட்டர். ஆனால் மூன்று வீச்சுகளில் ஒன்றில், இழுத்துப் பார்க்கும்போது முள் கிளிப்பிலேயே மாட்டியிருக்கிறது. மீன் எப்படிக் கடிக்கும்?

மறுமொழி 1

ஈயம் தண்ணீரைத் தொட்டவுடன் நரம்பை இறுக்கிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கிளிப் கழல்வதற்குத் தளர்வு வேண்டும். தொட்ட பின், ஈயம் தரையைத் தொடும் வரை நரம்பைத் தடையின்றி ஓட விட்டு, அதன் பிறகு இறுக்குங்கள். ரப்பர் நூலின் சுற்று முள்ளின் வளைவு வரை வந்து கிளிப்பில் சிக்குகிறதா என்றும் பாருங்கள். வளைவு முழுவதும் வெளியே தெரிய வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தும் சிக்கினால், மோதும் தண்ணீரின் அழுத்தத்தால் முள்ளை உதறிவிடும் தகடு வைத்த கிளிப் கிடைக்கிறது, அதை மாட்டுங்கள். இன்னொன்று: பக்கக்காற்றில் நரம்பு வில்லாக வளைந்திருந்தால் உங்கள் 85 மீட்டர் உண்மையில் எழுபத்தைந்தாகவும் இருக்கலாம். ஆகவே இறுக்கிய பிறகே சுற்றுகளை எண்ணத் தொடங்குங்கள்.