புதுப்பிப்பு: நியோபியம் குழாயில் லித்தியம் கசிவு நின்றது

அம்பத்தூர் பட்டறையில் செய்த சுத்த நியோபியம் உலோகக் குழாய், 800 டிகிரி செல்சியஸில் உருகிய லித்தியத்தில் வெல்டு ஓரமாகக் கசிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "லித்தியத்தைச் சந்தேகப்படாதீங்க, நியோபியத்துக்குள்ள இருக்கிற ஆக்சிஜனைப் பாருங்க" என்று எழுதிய அண்ணன் சொன்னதுதான் சரி.

வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் சுவர் மெலியவே இல்லை. மணி எல்லைகள் (உலோகத்தின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள்) மட்டும் கருப்புக் கோடுகளாகப் பிரிந்திருந்தன. உலோகத்தில் கரைந்த ஆக்சிஜனோடு லித்தியம் சேர்ந்து ஆக்சைடாகி, அந்த எல்லைகளைப் பிளந்துகொண்டு உள்ளே போகிறது. வெல்டு ஓரம் நீலம் பாய்ந்திருந்ததை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் ஆர்கான் வாயு மறைப்பு போதவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். சென்னை மழைக்கால ஈரத்தில் திறந்த மேசையில் இந்த வெல்டைச் செய்யவே கூடாது.

மாற்றியது: 1 சதவீத சிர்கோனியம் சேர்ந்த நியோபியம், ஆர்கான் பெட்டிக்குள் வெல்டிங், பிறகு நல்ல வெற்றிடத்தில் 1200 டிகிரியில் 1 மணி நேரம். இந்தச் சூட்டைத் தவிர்க்காதீர்கள். ஆக்சிஜனைச் சிர்கோனியம் பிடித்து நிலையான ஆக்சைடாகக் கட்டிப்போடுவது அப்போதுதான். அதே 800 டிகிரியில் இப்போது கசிவில்லை.

எதிர்பாராதது ஒன்று: ஒட்டிய லித்தியத்தைத் தண்ணீரில் கழுவிய துண்டு, வளைத்ததும் படக்கென்று முறிந்தது. லித்தியமும் தண்ணீரும் சேரும்போது கிளம்பும் ஹைட்ரஜனை நியோபியம் உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. லித்தியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கி எடுங்கள்.