வசந்தகாலச் சீசனில் நுவரெலியா: ரயிலா, வாடகைக் காரா?

வணக்கம் உறவுகளே. சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு வெள்ளவத்தையிலிருந்து குடும்பமாக நுவரெலியா போக இருக்கிறோம். அம்மம்மாவும் வருகிறார். முழங்கால் வலி, ஆனால் ஜன்னலோரம் இருந்து தேயிலை மலை பார்க்க அவருக்குக் கொள்ளை ஆசை. அதனால் என் மனம் ரயில் பக்கம்தான். கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறி நானுஓயாவில் இறங்கினால், நகருக்கு மறுபடி வாகனம் பிடிக்க வேண்டும். பெட்டியில் ஏறி இறங்கும் அந்த உயரப் படிகளை நினைத்தால்தான் பயம்.

காரென்றால் அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன் வழி. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், ஆனால் வளைவுகளில் சின்னவளுக்கு வாந்தி வரும். அப்புறம், சீசன் நெரிசலில் கிரகரி வாவிப் பக்கம் நிறுத்த இடம் கிடைக்குமா?

வயதானவர்களைக் கூட்டிப் போனவர்கள் சொல்லுங்கள். நானுஓயாவில் நம்பகமான வான்காரரைத் தெரிந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.